கண்டக்டர் இல்லாத ஊர்

டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்திரண்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறார். அதில் கடைசிப் பதினான்கு வருஷம் பதினேழாம் நம்பர் வண்டி. இத்தனை வருஷத்தில் ஒரு ஆளை இடித்ததில்லை, ஒரு நாய் மேல் ஏற்றியதில்லை, ஒரு சைக்கிள் மட்கார்டைக்கூட உரசியதில்லை. மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். "அவர் போற வேகத்துக்கு நாயா வந்து அவரை இடிச்சாத்தான் உண்டு" என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்த நிதானமெல்லாம் சீட்டில் உட்கார்ந்திருக்கும்வரைதான். வண்டியை விட்டு இறங்கிவிட்டால் மனுஷனுக்குக் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. எங்கேயாவது ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென முழிப்பார். வீட்டில் எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை. நாலையும் தட்டிப் பார்த்துத்தான் ஃபேனைப் போடுவார். மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒவ்வொரு ஸ்விட்சுக்கு மேலேயும் எழுதி ஒட்டினாள். அதைப் படித்துவிட்டு நாலையும் தட்டுவார்.

சாலையில் மட்டும் அவருக்குக் குழப்பமே வந்ததில்லை. அதற்குக் காரணம் பின்னாலிருந்து வருகிற மணி. ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் கிளம்பு. இது எல்லா வண்டிக்கும் பொது. ஆனால் பதினேழில் அந்த இரண்டு மணிக்குள்ளேயே பத்து வகை உண்டு. டிங்டிங் என்று சேர்த்து அடித்தால் படியில் யாரும் இல்லை, தாராளமாக எடுக்கலாம். இடைவெளி விட்டு அடித்தால் வயதானவர் யாரோ இன்னும் உட்காரவில்லை, பூப்போல எடுக்க வேண்டும். இரண்டாவது மணி அரைகுறையாக நின்றால் யாரோ ஓடி வருகிறார்கள், பிரேக்கிலிருந்து காலை எடுக்காதே. இதெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. பதினான்கு வருஷத்தில் தானாக வந்தது.

மணி அடிக்கிற கண்டக்டர் வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் தம்பி. மச்சினன் வாய்க்காரன். பஸ்ஸுக்குள் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது பேரின் குடும்ப நிலவரமும் அவனுக்குத் தெரியும். இவர் வாய் திறக்காதவர். பின்னால் அவன் பேசிக்கொண்டே வருவான், முன்னால் இவர் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதைவிடக் கண்ணாடியில் பார்த்துப் பேசிக்கொண்டதுதான் அதிகம்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள் வந்து சேர்ந்தது அந்த வீடியோ கேம்.

எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற ஒரு கம்பெனி பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைச் செய்தது. அதில் ஊர் ஊராக ஓட்டலாம். புதிதாக வந்த ஊர்களில் நம் ஊரும் ஒன்று. பேப்பரில் அரைப் பக்கத்துக்கு வந்தது. நம் ஊரை உலகமே ஓட்டப் போகிறது என்று ஆளாளுக்குப் பெருமைப்பட்டார்கள். அதில் ஒருவர்கூட அதை ஓட்டிப் பார்த்திருக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

டிப்போ மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர் கெட்டவர் இல்லை. புதிதாக எதைப் பார்த்தாலும் வாங்கி வைத்துவிட வேண்டும் என்கிற வியாதி மட்டும் உண்டு. போன வருஷம் கண்ணாடி துடைக்கும் மிஷின் ஒன்றை வாங்கி, ஒரே வாரத்தில் ஆறு கண்ணாடியை உடைத்தார். இந்தத் தடவை தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்கி, அந்த விளையாட்டையே டிரைவர்களுக்குப் பரீட்சையாக வைத்துவிட்டார். "நம்ம ஊர் ரோடு, நம்ம ஊர் பஸ், எல்லாம் உள்ளயே இருக்கு. பெட்ரோல் செலவு இல்லாம டெஸ்ட் பண்ணலாம்" என்றார். பஸ் டீசலில் ஓடுகிறது என்று யாரும் திருத்தவில்லை.

பரீட்சை விதி இதுதான். நாற்பத்தைந்து வயது தாண்டிய டிரைவர்கள் எல்லோரும் எழுத வேண்டும். நூற்றுக்கு எழுபது வேண்டும். மூன்று தடவை உட்காரலாம். மூன்றிலும் தேறாதவர் சீட்டை விட்டு இறங்கி, கொட்டகையில் வண்டி கழுவப் போக வேண்டும்.

பழைய டயர் அறையைக் காலி செய்து பரீட்சை அறை ஆக்கினார்கள். டயர்கள் போனாலும் ரப்பர் வாடை போகவில்லை. மேஜையில் ஒரு ஸ்டியரிங்கை முடுக்கியிருந்தார்கள். கீழே பெடல்கள். உடைத்துப்போட்ட வண்டியிலிருந்து கழற்றிய டிரைவர் சீட். எதிரே சுவர் அகலத்துக்குத் திரை. கம்ப்யூட்டரை இயக்க ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மாவை உட்கார வைத்தார்கள். அவர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே மார்க் எழுதுவார்.

நிதானம் சீட்டில் உட்கார்ந்து, பழக்கத்தில் கண்ணாடியைச் சரிசெய்யக் கையை நீட்டினார். கண்ணாடி திரைக்குள் இருந்தது. கையை மடக்கிக்கொண்டார்.

ஊர் வந்தது. மேலே எழுதியிருந்த பெயர் நம் ஊருடையதுதான். மற்றதெல்லாம் யாருடையது என்று அவருக்கு விளங்கவில்லை. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழை. அங்கே காமாலைக் கண்ணால் பார்த்ததுபோல் வானம், ரோடு, மனிதர்கள் எல்லாமே மஞ்சள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடல் அடித்துக்கொண்டிருந்தது. நம் ஊர்க்காரன் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டும். தண்ணீர் வரி கட்டுகிற ஆபீஸ் இருக்க வேண்டிய இடத்தில் தங்கக் கூரை போட்ட அரண்மனை. அரண்மனை வாசலில் ஒரு யானை, பக்கத்திலேயே ஒரு ஒட்டகம், இரண்டும் ஒரே மரத்தடியில். ஆண்கள் எல்லோரும் சிவப்புத் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். ஒரு பெண்மணியும் கட்டியிருந்தாள். எங்கிருந்தோ மேளச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"இது எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"நம்ம ஊர்தான் சார். எடுங்க, டைம் ஓடுது."

முதல் ஸ்டாப்பில் நிறுத்தினார். ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் ஏறினார்கள். ஒவ்வொருவரும் "வணக்கம் ஓட்டுநரே" என்று சொல்லி, டிக்கெட்டுக்குப் பதிலாகக் கம்பத்திலுள்ள கருவியில் ஒரு அட்டையைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். பதினான்கு வருஷத்தில் அவருக்கு ஒருத்தரும் வணக்கம் சொன்னதில்லை. "யோவ், எடுய்யா" என்பதுதான் அவருக்குக் கிடைத்த அதிகபட்ச மரியாதை. அவர் பதறிப்போய் ஒவ்வொருவருக்கும் பதில் வணக்கம் சொன்னார். கடைசி ஆளும் உட்கார்ந்தாயிற்று. அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக் காத்திருந்தார்.

"சார், எடுங்க."

"மணி வரட்டும்மா."

"யாரு சார் அடிப்பாங்க? பின்னாடி கண்டக்டரே இல்லையே."

அப்போதுதான் திரைக் கண்ணாடியைப் பார்த்தார். பின்கதவுக்குப் பக்கத்தில் மச்சினன் உட்காரும் ஒற்றை சீட் இருக்கிற இடத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. கண்டக்டர் என்று ஒரு ஆள் உண்டு என்பதே அந்த வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை. இவருக்கு அது எப்படித் தெரியாமல் போகும் என்பது தெரியவில்லை. யோசித்துக்கொண்டே இருந்ததில் திரை சிவந்து, மார்க் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இதே கதைதான். மண்டைக்குத் தெரிகிறது மணி வராது என்று; காலுக்குத் தெரியவில்லை. முப்பத்தொன்று வாங்கினார்.

இரண்டாம் தடவை, காத்திருக்கக் கூடாது என்று வழி நெடுக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நாற்பத்துநான்கு. இன்னும் ஒரே வாய்ப்பு. கொட்டகையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் பகலிலேயே அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. பயந்துபோனார். பஸ் ஓட்டுவதைத் தவிர இந்த உலகத்தில் அவருக்குப் புரிந்த காரியம் வேறு எதுவுமில்லை.

வீட்டில் மகளிடம் சொன்னார். கல்லூரியில் படிக்கிற பெண். அந்த விளையாட்டு அவளிடம் முன்னாலேயே இருந்தது.

"அப்பா, அது நம்ம ஊர் இல்ல. நம்ம ஊர் இப்படித்தான் இருக்கும்னு அவங்க நினைச்ச ஊர்."

"வந்து பாத்துட்டு செஞ்சிருக்கலாமே? டீ வாங்கிக் கொடுத்து, ஒரு ட்ரிப் கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"அவங்க எதுக்குப்பா வரப் போறாங்க. நாலு படத்தைப் பாத்துட்டு செஞ்சிருப்பாங்க. எங்க ஊர்ல கடல் கிடையாதுன்னு நான் எழுதினேன். உங்க அழகான ஊர் மேல இவ்வளவு பிரியமா இருக்கீங்க, ரொம்ப நன்றி, அடுத்த தடவை கடலை இன்னும் பெருசா வைக்கிறோம்னு பதில் வந்துச்சு."

அவர் வெகுநேரம் யோசித்தார். "அப்ப அந்த யானை?" என்று கேட்டார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். மகளின் தோழியிடமிருந்து விளையாட்டு ஸ்டியரிங் ஒன்றை இரவல் வாங்க வைத்தாள். தம்பியைக் கூப்பிட்டு, "தினம் சாயங்காலம் வந்து உங்க மச்சான் பக்கத்துல உக்காருடா. நீ இருந்தா அவருக்குத் தைரியம்" என்றாள். மச்சினன் டூட்டி முடிந்து நேராக வந்துவிடுவான். ஹாலில் மேஜை மேல் ஸ்டியரிங், இவர் நாற்காலியில், அவன் பின்னால் முக்காலியில்.

முதல் நாள் பிரமாதமாக ஓட்டினார். எண்பத்தெட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். மகள்தான் கண்டுபிடித்தாள்: ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கடைசி ஆள் ஏறி உட்கார்ந்ததும் மாமா முக்காலியின் தகரக் காலில் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுகிறார். தட்டுகிறவனுக்கும் தெரியவில்லை, கேட்டு ஓட்டுகிறவருக்கும் தெரியவில்லை.

"மாமா, நீங்க பரீட்சை ரூமுக்குள்ள போக முடியாது. தட்டாதீங்க."

"நான் எங்க தட்டினேன்?" என்றான் அவன், உண்மையாகவே.

அன்றிலிருந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வாயையும் மூடிக்கொண்டான், அதுதான் அவனுக்குப் பெரிய கஷ்டம். இவர் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பி அவன் முகத்தைப் பார்ப்பார். அவன் வேண்டுமென்றே ஜன்னலைப் பார்ப்பான்.

"இங்க பாக்காதீங்க மச்சான். நான் இல்லைன்னு நினைச்சுக்குங்க."

"எப்படிடா நினைக்கிறது? இருக்கியே."

"இருக்கேன். ஆனா இல்ல. பூந்தொட்டின்னு நினைச்சுக்குங்க."

பத்து சாயங்காலம் இப்படிப் போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் விடாப்பிடியாக உழைத்தார். மற்ற டிரைவர்கள் விளையாட்டாக ஓட்டி எழுபத்திரண்டு, எழுபத்தாறு என்று கரையேறிவிட்டார்கள். இவர் மட்டும் அந்த மஞ்சள் ஊரை வரி விடாமல் மனப்பாடம் செய்தார். கடலோரம் திரும்பினால் அரண்மனை, அரண்மனை தாண்டி இடது பக்கம் ஸ்டாப், கதவு சாத்தியதும் எடு. ஏழாம் நாளில் காத்திருப்பது குறைந்தது. பத்தாம் நாளில் நின்றே போயிற்று. மூன்றாம் தடவை டயர் அறையில் போய் உட்கார்ந்து தொண்ணூற்றாறு வாங்கினார். டைப்பிஸ்ட் அம்மா பின்னலைக் கீழே வைத்துவிட்டுக் கைகொடுத்தார். டிப்போவிலேயே தொண்ணூறைத் தாண்டியது அவர் ஒருத்தர்தான்.

மச்சினன் அன்றைக்குப் பதினேழாம் நம்பரில் ஏறினவர்களுக்கெல்லாம் இந்தச் செய்தியைச் சொல்லித்தான் டிக்கெட் கொடுத்தான். தெரியாதவர்களுக்கும் சொன்னான்.

அதே வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஒரு பாட்டியை இறக்கிவிட மச்சினன் கீழே இறங்கினான். பாட்டியின் பையைக் கையில் கொடுத்து, ரோட்டோரம் நிறுத்திவிட்டுத் திரும்பினால் வண்டி இல்லை. நிதானம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மணியும் வரவில்லை, அவரும் காத்திருக்கவில்லை. அவன் அரை ஸ்டாப் தூரம் பின்னாலேயே ஓடி, பயணிகள் சத்தம் போட்டுத்தான் வண்டி நின்றது. மூச்சு வாங்க ஏறியவன் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே சிரித்தது. "மச்சான் இப்ப வெளிநாட்டு டிரைவர், நம்மளை எல்லாம் கண்ணுக்குத் தெரியாது" என்றான். அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த தன் கைகளைப் பார்த்தார், வேறு யாருடைய கையோ என்பதுபோல.

மூன்று நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டினார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பதினேழாம் நம்பர் வண்டி கண்டக்டர் இல்லாமல் ஓடும். கம்பத்தில் அட்டை தொடும் கருவி வைக்கப்படும். பதினேழாம் நம்பர் கண்டக்டர் உபரி ஊழியர் என்று கருதப்படுவார். மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வரத் தேவையில்லை. படிப்படியாக எல்லா வண்டிகளுக்கும் இதே ஏற்பாடு. அவர் அதை நான்கு தடவை படித்தார். உபரி என்றால் யார் என்று நான்காவது தடவைதான் உறைத்தது. நேராக மேனேஜர் அறைக்குள் போய்விட்டார். கதவைத் தட்டக்கூடத் தோன்றவில்லை.

"வாங்க வாங்க" என்றார் மேனேஜர். "உங்களாலதான் இந்த டிப்போவுக்கே பேரு. ஒரு டிரைவராவது தொண்ணூறுக்கு மேல வாங்கிக் காட்டினா கண்டக்டர் இல்லாம ஓட்ட அனுமதி தரோம்னு மேலிடத்துல சொன்னாங்க. நீங்க தொண்ணூத்தாறுல கொண்டுவந்து நிறுத்திட்டீங்க."

"சார், அது நம்ம ஊர் இல்லையே சார்."

"பேரு நம்ம ஊர் பேருதானே?"

"பேரு சரிதான் சார். ஆனா அங்க கடல் இருக்கு."

"கடலுக்கும் கண்டக்டருக்கும் என்னய்யா சம்பந்தம்?"

அவருக்குச் சம்பந்தம் தெரிந்தது. சொல்லத்தான் வரவில்லை. கடலை வைத்தவன்தான் கண்டக்டரை எடுத்தவன். தெரியாமல் அதை வைத்தான், தெரியாமல் இவனை விட்டான். இதைச் சரியாகக் கோத்துச் சொல்லியிருந்தால் மேனேஜருக்கே புரிந்திருக்கும். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அவங்களுக்கு நம்ம பஸ்ல கண்டக்டர்னு ஒருத்தர் இருக்கார்னே தெரியாது சார். தெரியாம விட்டுட்டாங்க."

"தெரியாம விட்டாங்களோ, தெரிஞ்சு விட்டாங்களோ. அந்த ஆள் இல்லாமலே உங்களால ஓட்ட முடிஞ்சுதா, இல்லையா?"

"முடிஞ்சுது சார்."

"நம்ம ஊரே இல்லைன்னா நீங்க எப்படிய்யா தொண்ணூத்தாறு வாங்கினீங்க?"

பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு வெளியே வந்தார். எப்படி வாங்கினார்? மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து, தான் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தான், அப்படித்தான் வாங்கினார். இதை எந்த மேனேஜரிடம் போய்ச் சொல்வது?

வராந்தாவில் டைப்பிஸ்ட் அம்மா கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "உங்க மார்க்கை வச்சுத்தான் சார் அந்த ஆர்டர். அது இல்லைன்னா இது நிக்காது" என்றார். பாஸானவர்கள் மார்க்கைக் கூட்டிக்கொள்ள மறுபடி உட்காரலாம் என்று விதியில் ஒரு வரி இருக்கிறதாம். கடைசியாக வாங்கிய மார்க்குதான் நிற்குமாம்.

"குறைஞ்சாலுமா?"

"குறைஞ்சாலும்தான். ஆனா எழுபதுக்குக் கீழ போயிட்டா உங்களைக் கொட்டகைக்கு அனுப்பிடுவாங்க சார். பாத்துக்குங்க."

வீட்டில் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். செய்தி வந்துவிட்டிருந்தது. "அவனைத் தினம் வாடா வாடான்னு கூப்பிட்டது நான்தான்" என்றாள். "நீங்க பாஸானப்ப நான்தான் எல்லாருக்கும் ஃபோன் பண்ணிச் சொன்னேன். இப்ப நான் யாரைப் போய் நொந்துக்கறது?" அழுதாள். அழுகையில் கோபம் கலந்திருந்தது. யார் மேல் என்று அவளுக்கும் தெரியவில்லை.

மச்சினன் சாயங்காலம் வந்தான். பழக்கதோஷத்தில் முக்காலியில் உட்கார்ந்தான். "போனா போகுது மச்சான், நான் வேற ஏதாவது பாத்துக்கறேன்" என்றான். குரல் சொன்னதை முகம் சொல்லவில்லை. நாற்பத்தொரு வயது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு குழந்தைகள்.

"வேற என்னடா தெரியும் உனக்கு?"

"ஒண்ணும் தெரியாது."

"நான் போய்த் தோத்துட்டு வரேன்" என்றார் அவர். இத்தனை நாளில் அவர் குழப்பமில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"பைத்தியமா உங்களுக்கு? கொட்டகைல கழுவ விட்டுடுவாங்க."

"எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவுல அளந்து நிறுத்த எனக்கு வராதுடா. கழுவறேன். நம்ம வண்டியைத்தானே கழுவப் போறேன்."

மச்சினன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வாய்க்காரன் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வரவில்லை. மனைவி எழுந்துபோய் அவருடைய காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டாள்.

மறுநாள் காலை அவர் டயர் அறைக்குள் போனார். மச்சினன் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "நூறு போடணும்னு ஆசை வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத் தானும் பார்க்க உள்ளே வந்தார்.

நிதானத்தின் திட்டம் சுலபமானது. முதல் ஸ்டாப்பில் நிறுத்துவது, அப்புறம் எடுக்காமல் இருப்பது. ஆரம்பத்தில் முப்பத்தொன்று வாங்கித் தந்த அதே காரியம். கஷ்டமே இல்லை.

கடலோரம் வந்து நிறுத்தினார். தலைப்பாகைகள் வரிசையாக ஏறின. வணக்கம் ஓட்டுநரே, வணக்கம் ஓட்டுநரே. கதவு சாத்தியது. காத்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் அரண்மனை வந்துவிட்டது. கால் எப்போதோ எடுத்துவிட்டிருந்தது.

அடுத்த ஸ்டாப்பில் இரண்டு காலையும் தூக்கி சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டார். திரை மெல்லச் சிவந்தது. அவருக்கு மனம் லேசாயிற்று. மார்க் உதிர ஆரம்பிக்கிற நேரத்தில் கண்ணாடியில் ஒரு ஆம்புலன்ஸ் தெரிந்தது. விளக்கு சுழல, பின்னால் வந்து ஒட்டி நின்றது. வண்டியில் யார் இருக்கப் போகிறார்கள்? யாருமில்லை, வெறும் பொம்மை. அது அவருக்குத் தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஆம்புலன்ஸை அவர் நிறுத்தி வைத்ததில்லை. கால் இறங்கியது. ஓரம் கட்டி வழி விட்டார். திரையில் பச்சையாக ஒரு பூ மலர்ந்து மறைந்தது.

சரி, காத்திருந்தால்தானே வம்பு, எதிலாவது மோதிவிடலாம் என்று முடிவு கட்டினார். விளக்குக் கம்பம் ஒன்று வந்தது. ஸ்டியரிங்கை அதன் பக்கம் திருப்பினார். கம்பத்தடியில் ஒரு தலைப்பாகை நின்றுகொண்டிருந்தது, கையில் ஒரு கூடையோடு. அவர் கை தானாக ஸ்டியரிங்கை நேராக்கியது. அடுத்த கம்பத்தில் யாருமில்லை. அங்கேயும் கை நேராக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது கம்பத்துக்குத் திருப்பினார். "அடடா, என்ன கன்ட்ரோல்" என்றார் பின்னாலிருந்த மேனேஜர்.

அதற்கு மேல் அவர் எதுவும் செய்யவில்லை. கையும் காலும் அவரை உட்கார்த்தி வைத்துக்கொண்டு அந்த மஞ்சள் ஊர் முழுக்க ஓட்டிப்போய், கடைசி ஸ்டாப்பில் பூப்போல நிறுத்தின. அவர் பயணி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக டிரைவர் சீட்டில் அவருக்கு அழுகை வந்தது.

டைப்பிஸ்ட் அம்மா மார்க்கை எழுதவே சிறிது நேரம் எடுத்துக்கொண்டார். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, மேலிடத்துக்கு ஃபோன் செய்ய ஓடினார்.

வெளியே மச்சினன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். "என்ன மச்சான், இறங்கிடுச்சா?"

"ஏறிடுச்சு மாப்ள" என்றார் அவர். "ரெண்டு மார்க் கூட. எப்படின்னே தெரியல."